ரெண்டையும் வெச்சிக்கலாம் என்றார் பாய்

கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அது என்னிடம், "இருங்க, வர்றேன்" என்றது. 2004ஆம் ஆண்டின் மழைக்காலம் தொடங்கியிருந்தது. மரக்காணத்து உப்பளங்களில் வேலை முடிந்து, உப்பு அம்பாரங்களுக்குப் பனையோலை போர்த்திவிட்டு, வருடத்தில் எனக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே பருவம் அதுதான். உப்பு வியாபாரக் கணக்குக்காக வாங்கிய பெட்டியை என் மகள் கூடத்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். யாரும் இல்லாத நேரம் என்று நினைத்து ஏதோ ஒன்றை அழுத்தினேன். உள்ளே கிறுகிறுவென்று சத்தம் கேட்டது. பிறகு சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டம் ஒன்று விரிந்து அந்த இரண்டு சொற்களைக் காட்டியது. வாசலில் யாராவது கூப்பிட்டால் என் மனைவி அடுப்படியிலிருந்து கொடுக்கிற குரல் அது. திரும்பிப் பார்த்தேன். அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு தாயும் மகளும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் அந்த வருடம்தான் புதுச்சேரியில் எம்.சி.ஏ. முடித்திருந்தாள். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை மென்பொருளில் இரண்டு கட்சிகள் உண்டு என்பதை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அலுவலகம், பள்ளிக்கூடம், பிரவுசிங் சென்டர் எல்லாம் விண்டோஸ் கட்சி. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. மற்றது லினக்ஸ். உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. என் மகள் இந்த இரண்டாவது கட்சியில், அதுவும் தேர்தல் நேரத்துத் தொண்டன் மாதிரி, இருந்தாள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து அதை ஏற்றியிருந்தாள். பெட்டியைப் போட்டவுடன் ஒரு பென்குவின் படம் வரும். என் மனைவிக்கு அது வாத்து. "வாத்துப் பொட்டிய அணைச்சிட்டு வந்து சாப்புடுடி" என்று அடுப்படியிலிருந்து தினமும் குரல் வரும்.

லினக்ஸின் சொற்களைத் தமிழில் மாற்றும் தொண்டர் குழு ஒன்றில் மகள் சேர்ந்திருந்தாள். சாயங்காலங்களில் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்து, அது எந்த இடத்தில் வரும் என்று விளக்கி, "நீ இதுக்கு இன்னாம்மா சொல்லுவ?" என்று தாயைக் கேட்பாள். என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வாள். குழுவுக்கு அனுப்புவதெல்லாம் இலக்கணத் தமிழில் இருக்கும். அதை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்ப மகள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவாள். தாய் சொன்ன சொற்களை மட்டும் வெளியே அனுப்பாமல் எங்கள் வீட்டுப் பெட்டிக்கென்று வைத்துக்கொண்டாள். எதையாவது அழிக்கப் போனால் அது, "நெசமாவே வேணாமா?" என்று கேட்கும். தவறு நேர்ந்தால், "அய்ய, கெட்டுது போ" என்னும். வேலை முடித்து வெளியேறும் பொத்தானில், "போய்ட்டு வர்றேன்" என்று எழுதியிருந்தது. பெட்டியைப் போட்டதும் மூன்று பெயர்கள் வரும். என்னுடையது, மனைவியுடையது, மகளுடையது. அவரவர் பெயரைத் தொட்டால் அவரவர் வைத்த பொருள்களோடு அவரவர் இடம் திறக்கும். மனைவி தன் இடத்தில் புள்ளிக் கோலம் போடக் கற்றுக்கொண்டாள். மார்கழிக்கு வேண்டிய கோலங்களை முன்கூட்டியே போட்டுச் சேர்த்துவைத்தாள். பல்லியைப் பிடித்துவிட்டவள் போல மவுஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போடுவாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வேதியியல் பட்டதாரி. சென்னை வியாபாரிகளோடு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தொழில் நடத்தியவன். நாலு பேர் வந்து உட்காரும் கூடத்தில், விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் அடுப்படிப் பேச்சைப் பேசியது எனக்குக் கூச்சமாக இருந்தது. "எழுதறதுன்னா ஒழுங்கான தமிழ்ல எழுது. இல்லன்னா இங்கிலீஷ்லயே விட்டுடு" என்று ஒருநாள் சொன்னேன்.

"வீட்டுல யாருப்பா 'காத்திருக்கவும்'னு சொல்றாங்க?" என்றாள் மகள்.

"உங்கப்பா சொல்லுவாரு. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே ரேடியோ மாதிரிதான் பேசினாரு" என்றாள் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கணக்குக்காக நான் வாங்கிய பொருள் அவர்கள் இரண்டு பேருடைய உலகமாகிவிட்டதும், அதற்கு வெளியே நான் நின்றதும் உள்ளே எங்கோ தங்கிவிட்டன. அதற்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தலை முழுக்க நரைக்க வேண்டியிருந்தது.

அந்த ஐப்பசியிலேயே அவளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவர். விண்டோஸ் கட்சி. தை மாதத்துக்கு வைத்த கல்யாணம், டிசம்பரில் கடல் உள்ளே ஏறி வந்ததால் தள்ளிப்போனது. கரையோரக் குப்பங்களில் சாவு விழுந்த வீடுகள் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் மேளம் கொட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆவணிக்கு மாற்றினோம். இடைப்பட்ட மாதங்களில் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். பேச்சில் பாதி இந்தக் கட்சிச் சண்டைதான். "உங்க விண்டோஸுக்கு வாரா வாரம் வைரஸ் காய்ச்சல். ஊசி போடறதுக்கே உங்களுக்கு நேரம் சரியாப் போவுது" என்று மகள் சொல்வது கூடம்வரை கேட்கும். ஒருமுறை அவர் தன் தாயாரோடு வந்திருந்தபோது பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா மாமா, மாப்பிள்ளை வர்ற வீட்டுல ஒரு விண்டோஸ் கூட இல்லியா? நான் எங்க உக்காந்து வேலை பாக்கறது?" என்றார். "கட்சி மாறினா எடம் கெடைக்கும்னு சொல்லுங்கப்பா" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அது அவர்களுக்குள் நடந்த விளையாட்டு. நான்தான் அதை மாப்பிள்ளையின் குறையாக எடுத்து மனதில் முடிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவர் வருவதற்குள் அது வீட்டில் இருந்தாக வேண்டும். கூரையில் கொசு இருக்கிறது என்று அவர் சொன்னால்கூட வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் நாங்கள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. ஐப்பசியில் தலை தீபாவளி. முதல் தீபாவளியைப் பெண் வீட்டில்தான் கொண்டாட வேண்டும் என்பதால் மோதிரம், பட்டு வேட்டி, பட்டாசு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். முந்தின நாள் மத்தியானம்தான் விண்டோஸ் நினைவுக்கு வந்தது. கூனிமேட்டுப் பாய்க்குப் போன் செய்தேன். அவர் சவுதியில் சில காலம் இருந்துவிட்டு வந்து எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு அருகில் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். மழையில் நனைந்தபடி வந்து பெட்டியைப் போட்டவர், "இன்னாங்கய்யா இது, மீன் விக்கிற அம்மா மாதிரி பேசுது?" என்று சிரித்தார். எனக்குக் கூச்சம் இன்னும் கூடியது. மாப்பிள்ளைக்காக விண்டோஸ் வேண்டும் என்றேன்.

"ரெண்டையும் வெச்சிக்கலாங்கய்யா" என்றார் பாய். "உங்க உப்பளத்துல வரப்பு போட்டுப் பாத்தி பிரிக்கறீங்க இல்ல, அந்த மாதிரி ஹார்ட் டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சிடலாம். சுவிட்சப் போட்டா எது வேணும்னு அதுவே கேக்கும். பொண்ணுக்கு அது, மாப்பிள்ளைக்கு இது. ஆனா பொறுமையாப் பண்ணணும். அதுக்கான சிடி கடையில இருக்குது. நாளைக்குக் காலைல எடுத்தாந்து பண்ணித் தர்றேன்."

"நாளைக்குத் தீபாவளி பாய். அவங்க இன்னிக்கு சாயந்தரமே வந்துடுவாங்க."

"இன்னிக்கேன்னா இருக்கறதத் தொடச்சிட்டுத்தான் போடணும். தொடச்சா போனது போனதுதான். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"அதான் கல்யாணமாயிப் போயிடுச்சே. இனிமே இங்க அதுக்கு இன்னா இருக்குது? தொடச்சிடுங்க" என்றேன்.

பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அடுப்படியில் தீபாவளி நோன்புக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த மனைவி, "பாய் இன்னா பண்றாரு?" என்று கேட்டாள். "ரிப்பேர்" என்றேன். திறக்கும்போது யார் பெயர் வர வேண்டும் என்று பாய் கேட்டார். மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

சாயங்காலம் தூறலில் நனைந்தபடி இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை தலையைக்கூடத் துவட்டாமல், "எங்க மாமா அந்த 'இருங்க, வர்றேன்' பொட்டி? கல்யாணமானதுலேர்ந்து இதே பேச்சுதான். அத்தை போட்ட கோலத்தையெல்லாம் காட்டறேன்னு இட்டாந்திருக்கறா" என்றார். "உங்களுக்காக விண்டோஸ் போட்டாச்சு மாப்பிள்ளை" என்றேன். அவர் முகத்தில் ஏதோ அணைந்ததைக் கண்டும் எனக்குப் புரியவில்லை. மகள் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். திரையில் அவள் புருஷன் பெயர் மட்டும் இருந்தது. அதைத் தொட்டாள். பச்சை மேடும் நீல வானமும் வந்தன. "நல்லா இருக்குதுப்பா" என்றாள். பிறகு எழுந்து அடுப்படி வாசல்வரை போய் நின்று, "அம்மா, தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரையும் கேட்டுத் தண்ணீர் குடித்தவள் இல்லை அவள். மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "இன்னாடி புதுசாக் கேக்கற?" என்றாள். மகள் சிரித்து மழுப்பினாள்.

மறுநாள் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டார். அழிந்ததை மீட்க முடியுமா என்று எதையெதையோ செய்து பார்த்தார். தெருவெல்லாம் பட்டாசு வெடிக்க, அவருக்காக வாங்கிய பட்டாசு கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. "நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா. நீங்க இப்டிப் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் பக்கத்தில் நின்றாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டையும் வெக்கச் சொல்லித்தான் சொன்னேன். பாய்தான் அவசரத்துல தொடச்சிட்டாரு" என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா. உங்களுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றாள். அந்தப் பாவத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

லினக்ஸை மறுபடி ஏற்றியிருக்கலாம், சிடி இருந்தது. இல்லாமல் போனது அந்தச் சொற்கள். மகள் ஒருமுறை தாயைக் கேட்டாள். "ஒக்காத்தி வெச்சிக் கேட்டா வருமா? அப்ப வாயில வந்துது, சொன்னேன்" என்றாள் மனைவி. கோலங்களைப் பற்றி, "போனாப் போவுது. அரிசி மாவும் வாசலும் எங்கியும் போயிடல" என்றாள். அதோடு சரி. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் அந்தப் பெட்டியின் முன் அவள் பிறகு உட்காரவே இல்லை. அதன்மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடிவைத்தாள். நான் கணக்கு எழுத வேண்டியபோது துண்டை எடுப்பேன். எழுதி முடித்து மறந்துவிட்டால் மறுநாள் துண்டு தன் இடத்தில் இருக்கும்.

2006இல் பொங்கலுக்கு மகள் வந்தாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வந்தவள் வேறு யாரோ. முன்பெல்லாம் செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, குழம்புச் சட்டியைத் திறந்து விரலால் நக்கிப் பார்த்து, "உப்பு வியாபாரி வீட்டுல உப்பு பத்தல" என்று கத்துகிறவள். இப்போது செருப்பை ஜோடியாக வைத்தாள். இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அலமாரியைத் திறக்கலாமா, குளிக்கப் போகலாமா, டி.வி. போடலாமா என்று கேட்டாள். பையிலிருந்து எடுத்ததைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள். ஊருக்குப் போன பிறகு அவள் வந்ததற்கான அடையாளமாகத் தரையில் ஒரு தலைமுடி கிடக்காது. "வர்றா, போறா. இருக்க மாட்டேங்கறா" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். உப்பளத்தில் பாத்தியின் தரையை ஆட்கள் வரிசையாக நின்று நாள்கணக்கில் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தண்ணீர் பாய்ச்சிய பிறகு அந்தத் தரை யார் கண்ணிலும் படாது. ஆனால் அது உடைந்தால் உப்பு சேறாகத்தான் வரும். வாழ்நாள் முழுக்க அந்தத் தரையின் மேல் பிழைத்தவன் நான். எதை வழித்து எறியச் சொல்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால், அதை நானே நம்ப மாட்டேன்.

பாய் ஒருநாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணு ஏங்கய்யா என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். வெயில் பட்டிருக்கும், உங்களைப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஏதோ உளறினேன். அதற்கடுத்த வருடம் அவர் கடையை எடுத்துவிட்டு மறுபடி சவுதிக்குப் போய்விட்டார். குடும்பமும் ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்கே இருக்கிறார் என்று விசாரித்தும் தெரியவில்லை. மாப்பிள்ளை இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்பதில்லை. காப்பி வேண்டுமா என்றால்கூட, "உங்களுக்குப் போட்டா குடுங்க மாமா" என்பார். தன் வாயால்தான் அது நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பாய்தான் துடைத்துவிட்டார் என்று நான் சொன்னதை நம்பியபடியே போனாள்.

போன தீபாவளிக்கும் இருவரும் வந்தார்கள். மகளுக்கும் முன்நெற்றியில் நரைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை பின்பக்கம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். மழை இல்லாமல் புழுங்கியது. கூடத்தில் நின்றுகொண்டு மகள், "அப்பா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து அது வந்தது என்று தெரியவில்லை. "பாய் ரெண்டையும் வெச்சிக்கலாம்னுதாம்மா சொன்னாரு" என்றேன்.

"எந்தப் பாய்ப்பா?"

சொன்னேன். மறுநாள் வந்து செய்கிறேன் என்று அவர் சொன்னதை, பெண்ணிடம் கேட்டீர்களா என்று அவர் கேட்டதை, அதற்கு நான் சொன்ன பதிலை, ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சுவிட்சின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்லப்பா?" என்றாள் மெதுவாக. அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது என்ற நினைப்பை மட்டும் அவள் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவள் குரல் ஏறியது. "அந்த மனுஷன் கடையவிட்டு எறங்கி வந்து, நல்லா இருக்கியாம்மான்னு கேட்டாரு. நான் காது கேக்காத மாதிரி போனேன். பின்பக்கம் படுத்திருக்கறாரே ஒருத்தரு, என்னாலதான் உன் வேலையெல்லாம் போச்சுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறாரு தெரியுமா உங்களுக்கு? அம்மாவுக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"இங்க அதுக்கு இன்னா இருக்குதுன்னா கேட்டீங்க? என்னப் பாத்தா? இன்னா இருக்குதா? போங்கப்பா. எதிர்ல நிக்காதீங்க. போங்கன்றேன் இல்ல!"

ஆனால் நான் நகர்வதற்குள் அவளே போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன் அவள் படுத்துப் படித்த உள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரிலிருந்த காலண்டர் ஆணியோடு விழுந்தது. தலை தீபாவளியிலிருந்து அந்த வீட்டில் அவள் எந்தக் கதவையும் சத்தம் வரும்படி சாத்தியதில்லை.

மாப்பிள்ளை எழுந்து ஓடிவந்து, "இன்னா மாமா சத்தம்?" என்றார். "உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. அப்புறம் சொல்றேன். இப்ப அவளக் கூப்புடாதீங்க, கோவமா இருக்கறா" என்றேன். விழுந்த காலண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். உள்ளே அவள் அழுதது கேட்டது. பிறகு மூக்கைச் சிந்துவது கேட்டது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு முறை என்னைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று காத்திருந்தேன்.